“இங்கயே இருக்கட்டும்”: ஒரு குடும்ப ஓவியக் கூடத்தின் ஐம்பது ஆண்டுக் கணக்கு

சென்னையில் மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்திவரும் சிறிய ஓவியக் கூடம் அது. 2019இல் இடத்தைக் காலி செய்யும் நிலை வந்தபோது உள்ளே 386 ஓவியங்கள் இருந்தன. அவற்றில் எவை தங்களுடையவை, எவை ஓவியர்களுடையவை என்று குடும்பத்தில் யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிய மூன்று ஆண்டுகளின் பதிவு இது. நான் தாளிலும் கான்வாஸிலும் உள்ள ஓவியங்களைச் செப்பனிடும் வேலை செய்பவன். 2015 வெள்ளத்தின்போதும் பின்னர் நடந்த கணக்கெடுப்பிலும் உடனிருந்தேன். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் தெருவின் பெயரும் இதில் இல்லை.

பின்னணி: பிரேம் கடையிலிருந்து கூடம் வரை

1970களின் தொடக்கத்தில் பெரியவர் திறந்தது பிரேம் கடைதான். சாமி படம், கல்யாண போட்டோ, எப்போதாவது ஒரு தஞ்சாவூர் ஓவியம். முன்னால் ஒரு அறை, பின்னால் பட்டறை. அங்கே ஒரு ஆசாரி, அவருக்கு ஒரு கையாள்.

எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்து வெளியே வந்தவர்கள் அந்தக் கடைக்கு வரத் தொடங்கியது பெரியவரின் வாழ்க்கையை மாற்றியது. அந்தக் கல்லூரிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளி அது. தேவி பிரசாத் ராய் சௌத்ரிக்குப் பிறகு 1957இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். 1966இல் அவர் முன்னின்று சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் துணி விற்ற காசில் ஓவியர்கள் நிலம் வாங்கிய கதை பலருக்கும் தெரியும். நகரத்திலேயே தங்கிவிட்ட ஓவியர்களின் கதை அவ்வளவு தெரியாது. சிலர் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளர்களாக வேலை பார்த்தார்கள். சிலர் சிறுபத்திரிகைகளுக்கு அட்டை வரைந்தார்கள். அன்றைய மெட்ராஸில் தனியார் ஓவியக் கூடங்கள் மிகக் குறைவு. மாக்ஸ் முல்லர் பவன், அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற ஜெர்மன், பிரெஞ்சுப் பண்பாட்டு மையங்களில் சுவர் கிடைத்தால் கண்காட்சி. சுவர் கிடைத்தாலும் பிரேம் வேண்டும், அதற்குக் காசு வேண்டும்.

பெரியவர் பிரேம் போட்டுக் கொடுத்தார். பாக்கி வைத்தவர்களிடம் அவர் சொன்ன வார்த்தையை அவரை அறிந்த எல்லோரும் ஒரே மாதிரிதான் நினைவுகூர்கிறார்கள்: “காசு வந்தா குடு தம்பி. வரலைன்னா படம் இங்கயே இருக்கட்டும்.”

கண்காட்சி முடிந்து விற்காமல் திரும்பிய படங்கள் அப்படித்தான் அங்கே தங்கின. கடைக்கு வந்தவர்கள் சுவரில் பார்த்து விலை கேட்டார்கள். விற்றால் மூன்றில் ஒரு பங்கு கடைக்கு, மீதி ஓவியருக்கு. 1980களின் நடுவில் சாமி படங்கள் பட்டறைப் பக்கம் போயின, முன்னறை ஓவியக் கூடமானது. இதில் எதற்கும் பத்திரம் கிடையாது. ஓவியர்கள் அவரை ‘அண்ணே’ என்று அழைத்தார்கள், அவசரத்துக்கு அவரிடமே கடன் வாங்கினார்கள். அவர்களில் ஒருவர் இறந்தபோது காரியச் செலவையும் அவரே ஏற்றார். அந்த நம்பிக்கை இல்லாமல் அந்தக் கூடம் ஒரு வருடம்கூட நின்றிருக்காது. இன்று கணக்கு கேட்கும் நாம் இதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

ஏற்றத்தின் ஆண்டுகள்

1990களின் இறுதியில் மூத்த மகன் பொறுப்பேற்றார். 2000க்குப் பிறகு இந்திய ஓவியங்களின் விலை யாரும் எதிர்பாராத வேகத்தில் ஏறியது. 2005இல் நியூயார்க் ஏலத்தில் இந்திய ஓவியர் தயப் மேத்தாவின் ‘மகிஷாசுரன்’ பத்து லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்த அலை சென்னைக்கும் வந்தது. பிரேம் பாக்கிக்காகக் கோடவுனில் கிடந்த கான்வாஸ்களைக் கேட்டு மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

மகன் விற்றார். ஓவியர் உயிரோடு இருந்தால் அவரைக் கேட்டுத்தான் விற்றார், பங்கையும் சரியாகக் கொடுத்தார். இறந்துபோன ஓவியர்களின் படங்கள் கடைக்கே சொந்தம் என்று அவர் நம்பினார். சிறு வயதிலிருந்து அந்தப் படங்களுக்கு நடுவே வளர்ந்தவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. 2004க்கும் 2007க்கும் இடையே அப்படி மூன்று கான்வாஸ்கள் போயின. மூன்றும் ஒரே ஓவியருடையவை. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வாங்குபவர்கள் மறைந்தார்கள், கூடம் மீண்டும் பிரேம் வருமானத்தில் ஓடியது.

வெள்ளம்: நான் செய்த தவறு

கூடம் அடையாற்றிலிருந்து நடக்கும் தூரம். 2015 டிசம்பர் 1 இரவு ஆற்று நீர் தெருவுக்குள் வந்தது. கோடவுனில் இடுப்பளவு. மூன்றாம் நாள்தான் என்னால் அங்கே போய்ச் சேர முடிந்தது. மின்சாரம் இல்லை, மழையும் முழுதாக விடவில்லை.

நனைந்த ஓவியத்துக்கு நேரம்தான் எதிரி. சென்னையின் ஈரக் காற்றில் இரண்டே நாளில் தாளில் பூஞ்சை பிடிக்கும். கான்வாஸில் வண்ணத்துக்கு அடியில் பூசியிருக்கும் பசை நீரில் இளகிவிடும். துணி சுருங்கும்போது மேலே உள்ள வண்ணம் செதில் செதிலாகக் கிளம்பும். 70களில் கான்வாஸ் வாங்க முடியாத பலர் ஹார்டுபோர்டில் வரைந்திருந்தார்கள். அவை ஓரங்களில் ஊறிப் புடைத்திருந்தன. கான்வாஸ்களைச் சட்டத்திலிருந்து பிரிக்காமல் முகம் மேலே இருக்கும்படி முதல் மாடி வராந்தாவில் பரப்பினோம். தாள் ஓவியங்களை நாடாக் கட்டில்களின் மேல் வெள்ளைத் துணி விரித்துக் கிடத்தி, மையொற்றுத் தாளை மாற்றி மாற்றி வைத்தோம். செய்தித்தாள் வைக்கக் கூடாது, அதன் மை ஏறிவிடும். வெயில் எட்டிப் பார்த்த நேரத்திலும் படங்களை நிழலில்தான் வைத்தோம்.

அந்த அவசரத்தில், பிரேமுக்குப் பின்னால் ஆணியடித்திருந்த மில்போர்டு அட்டைகள் ஊறி நாறத் தொடங்கியிருந்தன. பூஞ்சை அங்கிருந்துதான் பரவும். எல்லாவற்றையும் கழற்றித் தூக்கிப் போடச் சொன்னேன். குப்பை லாரி இரண்டு நடையாக அவற்றை அள்ளிக்கொண்டு போனது.

அந்த அட்டைகளின் மேல்தான் பெரியவர் பென்சிலில் குறிப்பு எழுதி வைத்திருந்தார். நாற்பது ஆண்டுகளாக யாருடைய படம், எதற்காக இங்கே இருக்கிறது என்பதற்குக் குடும்பம் அறிந்த வேறு பதிவே கிடையாது என்று எனக்கு அப்போது தெரியாது. விற்பனைப் பேரேடுகள் அதே வெள்ளத்தில் கூழாகிப் போயிருந்தன. படங்களைக் காப்பாற்றினேன், அவற்றின் வரலாற்றைக் குப்பையில் போட்டேன். ஒவ்வொரு அட்டையையும் கைபேசியில் ஒரு படம் எடுக்கப் பத்து விநாடி போதும். அந்தப் பத்து விநாடியை நான் ஒதுக்கவில்லை.

பெரியவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வெள்ளத்துக்குப் பின் மகனின் உடல்நிலை சரிந்தது. 2018இல் அவரும் போனார். அவருடைய மகள், அதாவது பெரியவரின் பேத்தி, பொறுப்புக்கு வந்தார். வெளியூரிலிருந்த சித்தப்பா சம பங்குதாரர்.

2019: இரண்டு கேள்விகள் ஒரே நேரத்தில்

கூடம் வாடகைக் கட்டடத்தில் இருந்தது. வாடகையும் வாய்ப்பேச்சுதான். பெரியவரும் வீட்டுக்காரரின் அப்பாவும் பேசி முடித்தது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் என்றது அது. வீட்டுக்காரர் சந்தை வாடகை கேட்டார். அவர் கேட்டதில் அநியாயம் எதுவும் இல்லை. கூடத்தால் கொடுக்க முடியவில்லை.

காலி செய்வதென்றால் ஓவியங்களை என்ன செய்வது? எல்லாவற்றையும் மொத்தமாக ஒரு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டுப் பங்கு பிரித்துக்கொள்ளலாம் என்றார் சித்தப்பா. விலை பேசவும் ஆள் வந்தாயிற்று.

அதே மாதங்களில் ஒரு பெண்மணி கூடத்துக்கு வந்தார். 2004க்குப் பிறகு விற்கப்பட்ட அந்த மூன்று கான்வாஸ்களை வரைந்தவரின் மகள். கையில் 1970களின் கண்காட்சி மடிப்பிதழ் ஒன்று. அதில் ஒரு படத்தின் புகைப்படம். “அப்பா உங்க தாத்தாகிட்ட மூணு படம் விட்டுட்டுப் போனாரும்மா. பாக்கி எவ்வளவுன்னு சொல்லுங்க, கட்டிட்டு எடுத்துக்கறேன்.” கேள்வி அவ்வளவுதான். கோபம் இல்லை, வழக்கு மிரட்டல் இல்லை. பேத்தி அன்று இரவு என்னை அழைத்தார்.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணம்

முதல் முடிவு, கணக்கு தெரியும்வரை ஒரு படத்தையும் விற்பதில்லை என்பது. சித்தப்பா இதை ஏற்கவில்லை. ஒரு வழக்கறிஞரை இருவரும் சேர்ந்து பார்த்த பிறகுதான் இசைந்தார்.

வழக்கறிஞர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 148ஆம் பிரிவின்படி ஒரு வேலைக்காகவோ பாதுகாப்புக்காகவோ திரும்பப் பெறும் நோக்கில் ஒப்படைத்த பொருள், ஒப்படைத்தவருடையதாகவே இருக்கும். அந்தப் பொருளின் மேல் உழைப்போ திறமையோ செலுத்தியவர் கூலி வரும்வரை அதைக் கையில் வைத்துக்கொள்ள 170ஆம் பிரிவு இடம் தருகிறது. வைத்துக்கொள்ளலாம், விற்க முடியாது. பாக்கிக்கு ஈடாகத் தந்தார், அதாவது அடகு என்று வாதாடினாலும், 176ஆம் பிரிவின்படி விற்பதற்கு முன் நியாயமான அவகாசத்தோடு அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். யாருக்கும் அறிவிப்பு போனதில்லை. ஆக, ‘இங்கயே இருக்கட்டும்’ என்றால் ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்றும் பொருள், ‘எங்களிடமே இருந்துவிடட்டும்’ என்றும் பொருள். பெரியவர் எந்தப் பொருளில் சொன்னார் என்பதை ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

காலம் கடந்துவிட்டதால் இனி யாரும் வழக்குப் போட முடியாது என்று வாதாட வழியுண்டா என்று சித்தப்பா கேட்டார். சில படங்களுக்கு அப்படி வாதாடலாம் என்றார் வழக்கறிஞர். பேத்தி அந்த வழியை எடுக்கவில்லை. “அவங்க தாத்தாவை அண்ணேன்னு கூப்பிட்டவங்க, சித்தப்பா” என்று மட்டும் சொன்னார். இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளிலேயே கனமானது இதுதான். மற்றவை எல்லாம் இதிலிருந்து பிறந்தவை.

ஆசாரியின் நோட்டு

பேரேடு இல்லை, அட்டைகள் இல்லை. எதை வைத்துத் தேடுவது என்று தெரியாமல் முதல் இரண்டு மாதம் படங்களை அளந்து, புகைப்படம் எடுத்து, எண் கொடுத்துக்கொண்டிருந்தோம். கையெழுத்து இருந்தவை பாதிக்குச் சற்று மேல். அதுவும் வரைந்தவர் யார் என்று மட்டும் சொல்லும், உரியவர் யார் என்று சொல்லாது.

பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கிய நோட்டுகளைப் பற்றிச் சொன்னவர் பட்டறைக் கையாள். ஆசாரி அளவு குறிக்கும் நோட்டுகள். உயரத்தில் தொங்கியதால் தண்ணீர் அவற்றைத் தொடவில்லை. பதினேழு நோட்டுகள், 1974 முதல் 1998 வரை, இடையில் சில ஆண்டுகள் இல்லை. ஒவ்வொரு வரியிலும் தேதி, ஆளின் பெயர் அல்லது அடையாளம், அங்குலத்தில் அகலம் உயரம், சட்டத்தின் வகை, முன்பணம், பாக்கி. சில வரிகளின் ஓரத்தில் ஒற்றை எழுத்துகள்.

ஆசாரி எண்பதைத் தாண்டியவர், மகள் வீட்டில் இருந்தார். நோட்டைக் கையில் கொடுத்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினார். ‘வி’ என்றால் விற்பனைக்கு. ‘பா’ என்றால் பாக்கி. ‘எ’ என்றால் முதலாளி காசு கொடுத்து எடுத்தது. “இது முதலாளி சொல்லச் சொல்ல நான் போடறது. அவரு அட்டையில எழுதுவாரு, நான் நோட்டுல போட்டுக்குவேன்” என்றார். ‘தாடிக்காரர்’, ‘ஸ்கூட்டர்’, ‘பல்லாவரம் சின்னவர்’ என்று எழுதியிருந்த ஆட்களையும் அவரே பெயர் சொல்லி அடையாளம் காட்டினார்.

அளவை வைத்துப் பொருத்துவது எளிதாக இல்லை. 24க்கு 30 அங்குலம் என்பது கடையில் கிடைத்த வழக்கமான அளவு. அந்த அளவில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட படங்கள் இருந்தன. அங்கே சட்டத்தின் வகை கைகொடுத்தது. ஆசாரி ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மரத்தின் வெட்டை மாற்றியிருந்தார். எந்த வெட்டு எந்த ஆண்டு என்று தொட்டுப் பார்த்தே சொன்னார். வெள்ளத்தில் சட்டம் இழந்த படங்களுக்கு அந்த வழியும் இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பி, அவருடைய பேரன் கைபேசியில் பேசவைத்துத் தொடர்ந்தோம். ஆசாரி 2021இல் மறைந்தார். இன்னும் ஒரு நோட்டு பாக்கியிருந்தது.

2020 இறுதியில் கணக்கு இப்படி நின்றது. கூடம் பணம் கொடுத்து வாங்கியவை 97. விற்பனைக்கு வந்து விற்காமல் தங்கியவை 141. பிரேம் பாக்கிக்காக இருந்தவை 62. ஒன்றும் தெரியாதவை 86. கைக்கு வந்த எல்லாம் தங்களுடையவை என்று நினைத்திருந்த குடும்பத்துக்கு, நிச்சயமாகத் தங்களுடையது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் என்று தெரிந்தது.

திருப்பிக் கொடுத்தலும் அந்த மூன்று கான்வாஸ்களும்

மூன்று கான்வாஸ்களும் நோட்டில் ‘பா’ என்று இருந்தன. பாக்கி மொத்தம் 210 ரூபாய்.

வாங்கியவர்களிடமிருந்து படங்களைத் திரும்பப் பெற முயல்வதா என்று யோசித்தோம். வியாபாரம் நடத்தும் கூடத்திலிருந்து நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்குச் சரக்கு விற்பனைச் சட்டம், 1930 சில நிலைகளில் பாதுகாப்பு தருகிறது. வழக்கு நீளும், முடிவும் நிச்சயமில்லை. பேத்தி அந்த ஓவியரின் மகளிடம் நடந்ததை முழுதாகச் சொன்னார். விற்ற விலைக்கான ஆதாரம் மகனின் வங்கிக் கணக்கில் இருந்தது. அதில் வழக்கமான மூன்றில் ஒரு பங்கையும் 210 ரூபாயையும் கழித்து, மீதியை ஆறு தவணையில் தருவதாக எழுத்தில் ஒப்பந்தமானது. அதற்காகக் கூடத்துக்கே சொந்தமான இரண்டு ஓவியங்களை விற்க வேண்டியிருந்தது. பங்கைக் கழித்தது சரியா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு. அனுமதியில்லாமல் செய்த விற்பனைக்குக் கமிஷன் எப்படி? அந்த மகள்தான் அதை வலியுறுத்தினார். பெரியவர் பிரேம் போடாவிட்டால் அந்தப் படங்கள் மடித்த துணியாகவே போயிருக்கும் என்றார்.

படங்களின் பதிப்புரிமை தங்களிடமே இருக்கிறது என்பது அந்தக் குடும்பத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. ஓவியத்தை விற்றாலும் பதிப்புரிமை தானாக வாங்கியவரிடம் போவதில்லை. ஓவியர் இறந்து 60 ஆண்டு வரை அது நீடிக்கும். பதிப்புரிமைச் சட்டத்தின் 53அ பிரிவு மறுவிற்பனை விலையிலும் ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு கேட்கும் உரிமை தருகிறது.

விற்பனைக்கு வந்த 141இல் 88 உரியவரிடமோ வாரிசுகளிடமோ திரும்பின. 31 படங்களின் உரிமையாளர்கள் கூடத்திலேயே விட விரும்பி, எழுத்து ஒப்பந்தம் போட்டார்கள். 22க்கு ஆள் கிடைக்கவில்லை. பிரேம் பாக்கிப் படங்கள் 62இல் 40 திரும்பின. யாரிடமும் பாக்கி வாங்கவில்லை. 14 படங்களைக் குடும்பங்கள் கூடத்துக்கே எழுதிக் கொடுத்தன. அவர்களில் ஒரு மூதாட்டி, “ஏம்மா, உங்க தாத்தா வச்சுக்கறதா சொன்னாரு, நாங்க சரின்னோம். இப்ப எதுக்குத் தூக்கிட்டு வர்றே?” என்று கடிந்துகொண்டார். அந்தப் படத்தைப் பொறுத்தவரை ‘இருக்கட்டும்’ என்பதன் பொருள் அதுதான். எட்டுப் படங்களுக்கு யாரும் கிடைக்கவில்லை. ஒன்றும் தெரியாத 86இல் பழைய அழைப்பிதழ்கள், திறப்பு விழாப் புகைப்படங்களின் பின்னணிச் சுவர் ஆகியவற்றை வைத்து 23ஐ அடையாளம் கண்டோம்.

எல்லாத் திருப்புதலும் மகிழ்ச்சியாக முடியவில்லை. ஒரு ஓவியரின் இரண்டு மகன்களுக்கிடையே, நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்த படத்தாலேயே சண்டை மூண்டது. அதன் பிறகு எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வாங்காமல் எதையும் கொடுக்கவில்லை. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

பின்னர் நடந்தது

2022இல் பழைய கட்டடத்தைக் காலி செய்தார்கள். கூடம் இப்போது வேறொரு தெருவில், முதல் மாடியில், முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் நடக்கிறது. பட்டறை இல்லை. பிரேம் வெளியே கொடுத்து வாங்குகிறார்கள். படத்தைத் திரும்பப் பெற்ற குடும்பங்களில் சில, வேறு படங்களை விற்பனைக்குக் கொண்டுவந்து கொடுத்தன. வருமானம் குறைவுதான். சித்தப்பா தன் பங்குக்கு, கூடத்துக்கே உரிய படங்களிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு விலகினார். பேச்சுவார்த்தை முறியவில்லை.

இன்று மாற்றிச் செய்வது

படம் உள்ளே வரும்போதே ஒரு தாளில் மூன்று செய்திகள் எழுதப்படுகின்றன: யாருடையது, எதற்காக வந்தது, எந்தத் தேதிக்குள் திரும்ப வேண்டும். மூன்று நகல், ஒன்று கட்டடத்துக்கு வெளியே. தேதி முடிந்தால் கூடமே அழைத்துக் கேட்கும். எண், படத்தின் பின்பக்கம் கான்வாஸ் இழுத்துக் கட்டிய மரச் சட்டத்தில் எழுதப்படுகிறது, கழற்றக்கூடிய அட்டையில் எதையும் எழுதுவதில்லை. தரையிலிருந்து மூன்றடிக்குக் கீழே எதையும் வைப்பதில்லை.

என் வேலையிலும் ஒன்று மாறியிருக்கிறது. எந்த அவசரத்திலும் முதலில் பின்பக்கத்தைப் படமெடுக்கிறேன், பிறகுதான் முன்பக்கம்.

இதே நிகழ்வு மீண்டும் வந்தால் ஆசாரியைத் தேடி முதல் வாரமே போயிருப்போம். ஓவியர்களையும் விமர்சகர்களையும் வாங்குபவர்களையும் கேட்டுக் கேட்டு இரண்டு மாதத்தைக் கழித்தோம். பட்டறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கையால் தொட்டவரைக் கேட்கத் தோன்றவில்லை.

உரியவர் தெரியாத 93 படங்கள் புதிய இடத்தின் உள்ளறையில் இருக்கின்றன. அவற்றை விற்பதில்லை, கண்காட்சியிலும் வைப்பதில்லை. ஓவியக் கல்லூரியின் பழைய மாணவர் யாராவது வந்தால் பட்டியலை எடுத்துக் காட்டுகிறார்கள். கடந்த ஆண்டு அப்படி ஒன்று அடையாளம் தெரிந்து காஞ்சிபுரத்துக்குப் போனது. இப்போது 92.